நான் கட்டிய பூப்பொட்டலங்கள்

தம்பி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதற்கு வருகிறேன். உன்னுடைய முதல் றக்பி ஆட்டத்தைப் பார்க்க நானும் அம்மாவும் ரயிலேறித் தெற்கே வந்தோமே, அன்றைக்கு முதற்பாதி முழுவதும் நான் கத்தியது உனக்காக இல்லை. எதிரணியில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். உன்னுடைய நிறம், உன்னுடைய கழுத்து, உன்னைப் போலவே காலை அகட்டி ஓடுகிற ஓட்டம். மழையில் இருபத்தாறு பேரும் சேற்றில் உருண்டு எழும்பி ஒரே நிறமாகியிருந்தார்கள். சட்டையைப் பார்த்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. அவன் பந்தோடு வரும்போதெல்லாம் நான் எழும்பி நின்றேன். அவன் உங்களுடைய ஆள் ஒருவனைத் தூக்கி விழுத்தியபோது “அப்பிடித்தான்ரா!” என்று கத்தினேன். சுற்றி இருந்த உங்கள் ஊர்க்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கறுப்பு ஆள் என்று பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பலமாகக் கத்தினேன்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் அம்மா. “அது எங்கட பிள்ளை இல்லை.”

“பின்னை ஆர்?”

“எனக்கெப்பிடித் தெரியும் ஆற்றை பிள்ளையெண்டு? எங்கட பிள்ளை அங்கை வாங்கிலிலை இருந்து தோடம்பழம் சாப்பிடுது.”

ஆட்டம் முடிந்து நீ வந்தபோது எனக்குக் குரலே இல்லை. அப்பா எனக்காகக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார் என்று உன் கூட்டாளிகளிடம் பிரெஞ்சில் சொல்லிப் பெருமைப்பட்டாய். சேறும் வேர்வையுமாக என்னைக் கட்டிப்பிடித்தாய். நான் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சட்டையில் பட்ட சேறு போகவே இல்லை, அதை இன்றைக்கும் வேலைக்குப் போடுகிறேன்.

இது சின்னப் பொய். பெரிது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் பேனை பிடித்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் கதைத்தால் நான் பகிடி விட்டுத் தப்பிவிடுவேன், அது எனக்கே தெரியும். போதாததற்கு அம்மா எல்லாவற்றையும் சத்தமாகப் போட்டுக் கேட்பாள். ஆகவே மார்க்ஸ் டோர்மோயில் உடுப்புத் தோய்க்கிற கடைக்குள் இருந்து, எங்கள் போர்வைகள் கண்ணாடிக்குள்ளே சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் ஒளித்துத் திரிந்தவன், விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நல்லது. மெதுவாக வாசி. நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்த போனிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்பு இல்லை. திங்கட்கிழமை இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். வேலையில் உருளைக்கிழங்கு மூட்டையை வெங்காயத்தோடு அடுக்கினேன். வீட்டில் கதிரையில் இருந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. நீ சொன்னதை நீயே மறந்திருப்பாய், நான் எழுதிவிடுகிறேன்.

“அப்பா, எங்கட ரோல்ஸ் தொழிலுக்கு ஒபர்வில்லியேயிலை ஒரு தெப்போ, களஞ்சியம், வாடகைக்கு வருது. பெரிசு. எடுத்தா நாங்கள் பாரிசுக்கு வந்திருக்க வேணும். எடுக்காட்டி இஞ்சையே இருக்கலாம். கிளப்பிலை சின்னப் பெடியளைப் பழக்க வரச்சொல்லிக் கேக்கினம். மாத முடிவுக்குள்ளை மறுமொழி சொல்லவேணும்.”

“நீ என்ன நினைக்கிறாய்?”

“எனக்குத் தெரியேல்லை. அம்மாவோட கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பாருங்கோ. இந்த முறை நான் கேக்கிறன்.”

இந்த முறை நான் கேக்கிறன். அம்மா அதைக் கேட்டு அழுதேவிட்டாள். “பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு பிள்ளைக்குப் புத்தி வந்திட்டுது,” என்று வெள்ளிக்கிழமையைக் கலண்டரில் வட்டம் போட்டாள். வெள்ளை வந்தால் நீ பாரிசுக்கு வருவது, சிவப்பு வந்தால் அங்கேயே நிற்பது என்று அவளே வகுத்தும் வைத்துவிட்டாள். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு தரம் குடித்தேன்.

இனி 2009-க்கு வருகிறேன். அந்த வருடம் எங்கள் தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பலில் யாரும் யாரையும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. கடைகளில் ரேடியோ மட்டும் கதைத்தது. உன் சித்தப்பா எந்த முகாமில் இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பிறகு அவர் கிடைத்தார், அது வேறு கதை. அந்த வருடம்தான் நீ வந்து, தெற்கே ஒரு சின்ன ஊர் கிளப் உன்னைக் கேட்கிறது, போகப்போகிறேன் என்றாய். உனக்குப் பதினெட்டு வயது. உன் கொலேஜில் உடற்பயிற்சி படிப்பித்த தெற்கத்தி வாத்தியார் உன் தோளைப் பார்த்துவிட்டு, பதின்மூன்று பேர் விளையாடுகிற றக்பியைப் பழக்கிவிட்டிருந்தார். எனக்கு றக்பி என்றால் பதினைந்து பேர் விளையாடுவது, தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் பார்ப்பது. இது அதனுடைய ஏழைத் தம்பி என்றும் தெற்கே சில ஊர்களில்தான் கொண்டாடுவார்கள் என்றும் நீ விளக்கினாய். ஏழைத் தம்பி எங்களிடம் ஏற்கனவே இருக்கிறார், இன்னொருவர் எதற்கு என்று நான் பகிடி விட்டேன். நீ சிரிக்கவில்லை.

அம்மா தீர்ப்பைப் பிள்ளையாரிடம் விட்டாள். ரூ பஜோல் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது, வெள்ளைப் பூ வந்தால் நீ போகலாம், சிவப்பு வந்தால் நில். நீ தோளைக் குலுக்கினாய். அதற்கு உன் பாஷையில் ஓம் என்று அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம். பூ வாங்குவதும் கட்டுவதும் என் பொறுப்பு. செவ்வரத்தைக்கு இங்கே எங்கே போவது, லாச்சப்பல் பூக்கடையில் வெள்ளை ரோசாவும் சிவப்பு ரோசாவும் வாங்கினேன். அம்மா குளிக்கப் போன நேரத்தில் குசினி மேசையில் வாழையிலைத் துண்டுகளை விரித்து, இதழ்களை உதிர்த்து வைத்தேன்.

இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்தேன்.

விரலை எடுத்துவிட்டு இன்னொரு தரம் அந்த வரியை வாசி. சிவப்பு இதழ், இரண்டு பொட்டலத்திலும். நூலால் இறுக்கிக் கட்டினேன். மிஞ்சிய வெள்ளை ரோசாவை என்ன செய்வதென்று தெரியாமல் கீழ்வீட்டு மதாமுக்குக் கொடுத்தேன். அவர் ஒரு கிழமை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தார், அம்மா காரணம் கேட்டாள், அதற்கும் ஒரு பொய் சொன்னேன். கோயிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு. “சொல்லிப்போட்டார்,” என்றாள். மற்றதை நான் பிடித்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன். வெளியே வந்து குப்பைத் தொட்டியில் போடப் போனால், இந்த ஊர்த் தொட்டிகளில் கட்டியிருக்கிற பை உள்ளே கிடப்பதெல்லாம் தெரிகிற பை. வாழையிலைப் பொட்டலம் அங்கே கிடந்தால் அம்மா குனிந்து எடுத்துப் பார்க்கக்கூடியவள். ஒபர்வில்லியே வரைக்கும் அதைக் கால்சட்டைப் பைக்குள் கொண்டுபோய், நான் வேலை செய்கிற மரக்கறிக் களஞ்சியத்தில் அழுகிய கத்தரிக்காய்களோடு சேர்த்துக் கொட்டினேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் எலும்பு முறிந்துவிடும் என்ற பயத்தில் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி இது: இருபது வயதில் நானும் “போயிட்டு வாறன்” என்று சொல்லித்தான் புறப்பட்டேன். போகிறவன் திரும்புவதில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் திரும்பாதவனே நான்தான். அந்த வருடம் கையிலிருந்து போனவை போதும், இதையாவது பிடித்து வைப்போம் என்று கை தானாகச் செய்தது.

நீ நிற்கவில்லை. பொட்டலத்தைப் பார்த்துவிட்டு “செ மா வீ, பப்பா,” என்றாய். என்னுடைய வாழ்க்கை, அப்பா. உன் வயதில் என் அப்பாவிடம் சொல்ல எனக்கு அந்த மொழி தெரியாமல் போயிற்று. அம்மா ரயில் நிலையத்துக்கு வரவில்லை, சுவாமி வேண்டாமென்ற பயணத்துக்குக் கை காட்டமாட்டேன் என்று அறைக்குள் இருந்துவிட்டாள். நான் ரோல்ஸ் பார்சலோடு வந்தேன். ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. சொல்ல இருபது நிமிடம் தாராளம். “பல்லைக் கவனமாப் பார். உடைஞ்சா ரோல்ஸ் கடிக்கேலாது,” என்று சொன்னேன். நீ சிரித்துக்கொண்டு ஏறினாய். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். ரயில் போன பிறகும் முகம் சிரித்தபடியே இருந்தது, அதைக் கழற்ற மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது வருடமும் உனக்குத் தெரிந்தது வேறு, இங்கே நடந்தது வேறு. நீ காலையில் வைன் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி, பின்னேரம் பயிற்சிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஆடி, திங்கட்கிழமை நொண்டினாய். உனக்கு விரல் முறிந்தால் அம்மா ரூ பஜோலுக்கு ஓடினாள். விலா எலும்பு வெடித்தால் விரதம் பிடித்தாள். ஒவ்வொரு வருடமும் தேர் வீதிக்கு வரும்போது முன்னால் நின்று இருபத்தொரு தேங்காய் உடைத்தாள், சொல் கேளாமல் போன பிள்ளையின் பிழையைப் பொறுக்கச் சொல்லி. அந்தத் தேங்காய்ச் சாக்கைத் தோளில் சுமந்து வந்தவன் யார் என்று நினைக்கிறாய்? பிள்ளையார் சொல்லாத சொல்லை நீ கேட்கவில்லை என்பதற்கு அவரிடமே மன்னிப்புக் கேட்கிற மனுசிக்கு நான் சாக்குத் தூக்கினேன். ஒரு வருடம் தேங்காய்ச் சிதறல் ஒன்று தெறித்து என் நெற்றியில் பட்டது. சரியான ஆளைத்தான் தேடி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் உன் விளையாட்டைப் படித்தேன், அது உனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெங்காய மூட்டைக்கு மேல் இருந்து போனில் பார்த்தேன். ஆறு தரம் விழுத்தப்பட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற சட்டம் எனக்குப் பிடித்துப்போயிற்று. விழுந்தவனைக் கையைப் பிடித்துத் தூக்க யாரும் வருவதில்லை. அவனாக எழும்பி, பந்தை நிலத்தில் வைத்து, குதியால் பின்னுக்கு உருட்டிவிட்டு உடனே வரிசைக்குப் போகிறான். புலம்புவதற்கு அங்கே நேரமே வைக்கவில்லை. இதைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் மூட்டை தூக்குகிற வேலை செய்தவனாய்த்தான் இருக்கவேண்டும். ஒருநாள் முதலாளி வந்து என்ன பார்க்கிறாய் என்று கேட்டபோது, மகனுடைய ஒபிஸ் என்றேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. நேற்று எழுதியதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன், வேர்வையில் மை கொஞ்சம் ஊறிவிட்டது. மூட்டை இறக்கும் இடைவேளையில் எழுதுகிறேன், எழுத்து ஆடும்.

உன்னுடைய தோள் மூன்றாம் முறை கழன்று ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அந்த நாளுக்கு வருகிறேன். வெட்டித் தைத்தால் அடுத்த பருவத்துக்கு ஆடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். நீ முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். உனக்கு இருபத்தேழு வயது, முகத்தில் பன்னிரண்டு வயது.

“போதும் அப்பா. நான் விடுறன்.”

“டொக்டர் ஏலுமெண்டல்லோ சொல்லுறார்.”

“டொக்டர் சொல்லுவார். அண்டைக்கே பிள்ளையார் வேண்டாமெண்டு சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. மூண்டு தரம் அடிச்சிட்டார், நாலாம் தரம் எதுக்கு?”

அம்மா உன்னைப் பேசிப் பேசி, உன் காலைத் தடவிக்கொண்டு அழுதாள். நான் ஜன்னலோரம் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது என்ன தெரியுமா, உனக்கு நினைவிருக்கும். “அவருக்கே ஒரு கொம்பு முறிஞ்சதுதான், அவர் விளையாட்டை விட்டவரே?” என்றேன். நர்ஸ் பெண்ணுக்கு நீ மொழிபெயர்த்துச் சொல்லி, இருவரும் சிரித்தீர்கள். பகிடி நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் ஒளிந்துகொண்டு ஒருவன் நின்றது யாருக்கும் தெரியவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று: நீ விடுகிறேன் என்றபோது என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனிப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று. நீ வரவில்லை, அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

உன் தோளைப் பிள்ளையார் தொடவில்லை, ராசா. நூற்றுப் பத்துக் கிலோ ஆள் ஒருவன் தொட்டான். நீ களைத்துப்போய் விட்டிருந்தால் அது உன் விருப்பம். தண்டனை என்று நினைத்து விட்டிருந்தால், அந்தத் தண்டனையை எழுதியவன் குசினி மேசையில் இருந்த நான். ஆடியிருந்தால் இன்னும் இரண்டு மூன்று பருவம் ஆடியிருப்பாய். அதை நான் திருப்பித் தர வழியில்லை.

பிறகு நீ செய்ததைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன், என் வாய் அடைபடுவது லேசில்லை. கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்க, மைதானத்தில் குடிவகை விற்கிற கொட்டிலை எடுத்து, ஒற்றைக் கையால் ரோல்ஸ் பொரித்தாய். அம்மா போனில் அளவு சொன்னாள், எல்லாம் கண்ணளவு. உங்கள் ஊர்க்காரர் எங்கள் ரோல்ஸைக் கடுகுப் பசையில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் இரண்டு நாள் கவலைப்பட்டாள். இன்றைக்கு மூன்று வான் வண்டிகளில் மைதானம் மைதானமாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ரோல்ஸும் பற்றிஸும் போகிறது. உன் கூட்டாளிகளில் நாலு பேர், முன்னே தள்ளிக்கொண்டு போகிற அந்த மொத்தக் கழுத்துக்காரர், வெள்ளைத் தொப்பி போட்டு மாவு உருட்டுகிறார்கள். போன வருடம் வந்து பார்த்தேனே, புதிதாய்ப் பன்னிரண்டு கதிரை வாங்கிப் போட்டிருந்தாய். நான் நின்ற ஐந்து நாளில் ஒன்றிலாவது நீ இருந்து காணவில்லை. நின்றபடி சாப்பிட்டாய், நடந்தபடி கதைத்தாய். அந்தச் சுபாவம் எங்கிருந்து வந்ததென்று அம்மா என்னைப் பார்த்தாள். நானும் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மருமகள் எனக்குப் போன் எடுத்தாள். பிரெஞ்சில், எனக்கு விளங்கும்படி மெதுவாக, அவளுடைய பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலக் கதைத்தாள். இந்தப் பூ விசயம் எப்படி நடக்கிறது என்று கேட்டாள். நான் விளக்கினேன். வெள்ளை என்றால் பாரிஸ், சிவப்பு என்றால் இங்கே, சரி மாமா, என்றாள். பிறகு, “நான் என்ன நினைக்கிறேன் என்பதற்கு எந்த நிறம்?” என்று கேட்டாள். எனக்குப் பகிடி வரவில்லை. நீ அவளைக் கேட்டாயா? கேட்டிருந்தால் அவள் எனக்கு எடுத்திருக்கமாட்டாள். பன்னிரண்டு பேரோடு சேர்ந்து ஆடினவனுக்கு, பக்கத்தில் நிற்கிறவளிடம் பந்தைக் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டுமா?

இன்றைக்கு வியாழக்கிழமை. நேற்றுப் பின்னேரம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், ஒளிப்பதற்கு இனி இடமில்லை. வேலை முடிந்து பூக்கடைக்குப் போனேன். நாலு வெள்ளை ரோசா தரச் சொன்னேன்.

“அண்ணை, பூக்கட்டவெண்டல்லோ சொன்னனீங்கள்?” என்றாள் கடைக்காரப் பிள்ளை. “சிவப்பு வேண்டாமே?”

“வேண்டாம்.”

“பின்னை என்னண்டு?”

“நீ சுத்தித் தா, பிள்ளை.”

தெருவைக் கடந்து பாதி தூரம் வந்த பிறகுதான் என் கையில் இருப்பது என்னவென்று எனக்கே தெரிந்தது. ஒபர்வில்லியே எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ். நீ அங்கே வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் தெப்போவுக்கு நடந்து வரலாம், நீ என்னைத் துரத்துவாய், நான் நாளைக்கும் வருவேன். அந்த ஆசையில் கை மறுபடியும் தன் வேலையைப் பார்த்துவிட்டது. உனக்கு ஒப்புக்கொள்ளக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிற அதே கை.

இன்றைக்குக் காலை அம்மா குளிர்ப்பெட்டியைத் திறந்தாள்.

“சிவப்பெங்கை?”

“வாங்கேல்லை.”

“முடிஞ்சுதாமோ?”

“இருந்தது. நான் வாங்கேல்லை.”

அவள் பெட்டிக் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடமாய் அந்தப் பார்வைக்கு ஒரு பகிடி கைவசம் வைத்திருப்பேன். இன்றைக்கு எடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப அண்டைக்கு?”

“ரெண்டும் சிவப்பு.”

“பிள்ளையார்?”

“அவரை ஆரும் கேக்கவேயில்லை.”

மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். “ஒன்பது வருசம் தேங்காய் உடைச்சனான்.”

“ஓம்.”

“சாக்கு நீங்கள்தானே தூக்கினனீங்கள்?”

“ஓம்.”

“பிள்ளையின்ர தோள் போனதுக்கு நான் பிள்ளையைப் பேசினனான். ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பேசினனான்.”

அவள் எழும்பி, அரிசியைக் கழுவி உலையில் போட்டாள், மறுபடி வந்து இருந்தாள். பிறகு எழும்பிச் சோற்றை வடித்துவிட்டுச் சொன்னாள். “பிள்ளைக்கு எழுதுங்கோ. பகிடி விடாமல் எழுதுங்கோ.” எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன், பகிடிக்கு மட்டும் உத்தரவாதம் தரவில்லை. “நாளைக்குக் கோயிலுக்குப் போறம். பூவும் இல்லை, கேள்வியும் இல்லை. நீங்கள் விழுந்து கும்பிடுறியள்.” உன்னிடம் போனில் இதைச் சொல்லக்கூடாது, கடிதம் வந்து சேரட்டும் என்று கெஞ்சினேன். ஒப்புக்கொண்டாள். அம்மாவின் வாய் மூன்று நாள் தாங்கும், அதற்குள் தபால்காரர் உன்னிடம் வந்துவிட வேண்டும்.

ஆகவே பூ இல்லை, தம்பி. உனக்காக யாரும் பொட்டலம் கட்டப்போவதில்லை. நீ கேட்டது பிள்ளையாரிடம். ஆனால் கட்டுகிறவனின் விரல் உள்ளே இருக்கும், அதை நீ அறிந்திருக்க வேண்டும். யாராவது வந்து சுவாமி சொன்னது, ஊர் சொல்கிறது, பெரியவர்கள் நினைக்கிறார்கள் என்று உன்னிடம் நீட்டினால், யார் கட்டினது என்று முதலில் கேள். தொழிலிலும் கேள். என்னிடமும் கேள். என் ஆசையை நான் மூடாமல் சொல்லிவிடுகிறேன், நீ நிறுத்துப் பார்: நீ ஒபர்வில்லியேக்கு வரவேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. அது ஒரு வெங்காய மூட்டைக்காரனின் ஆசை. அதைவிட ஒரு அங்குலமும் உயரமில்லை. அதற்காக வராதே. அதற்குப் பயந்து வராமலும் இருந்துவிடாதே. அந்தச் சின்னப் பெடியளுக்கு விழுந்து எழும்பப் பழக்க வேண்டும் என்று உன் கால் துடிக்குமென்றால் அங்கேயே நில், நாங்கள் ரயிலேறி வருவோம். தெப்போவைப் பார்க்கும்போது கை பரபரத்தால் அதை எடு. மருமகளோடு ஒரு மேசையில் இரு. கதிரையில் இரு, பன்னிரண்டு வாங்கியிருக்கிறாய். அவள் முதலில் சொல்லட்டும். மாத முடிவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

என்னோடு கோபம் என்றால் கோபி. போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் எடுத்துக்கொண்டே இருப்பேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. உறையை ஒட்டமுதல் இதை மட்டும் சேர்க்கிறேன். அம்மா சொன்னபடி ரூ பஜோலுக்குப் போனோம். மத்தியானப் பூசை நேரம், நல்ல சனம். நான் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டி, சந்நிதிக்கு நேரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எழும்பப் பார்த்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. கையை ஊன்றினேன், வரவில்லை. நல்ல பக்தன் என்று நினைத்துச் சனம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. ஒருவர் என் முதுகுக்கு மேலால் தீபத்தை எட்டித் தொட்டுக் கும்பிட்டார். அம்மா முதலாம் சுற்று வந்தபோது, “இஞ்சேருங்கோ, என்னாலை எழும்பேலாமல் கிடக்கு,” என்றேன். “அப்பிடியே கிடவுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாம் சுற்றிலும் அதையே சொன்னாள். மூன்றாம் சுற்றில் அவளும் சனத்தோடு என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். பூசை முடிந்து திரை போட்ட பிறகு ஐயரும் மாலை கட்டுகிறவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி, என்னைக் கொண்டுபோய்ச் சுவரோடு சாத்தி வைத்தார்கள்.